இரண்டு அரைப் பேர்

ராகலையில் ஒரு மரக்கறிக் கொட்டகையில் வேலை செய்கிறேன். சரியாகச் சொன்னால், பாதி வேலை. மீதிப் பாதி அக்காவுடையது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான். நாங்கள் நான்கு பெண்கள். எல்லோரும் மனநோய் வந்து, ஆஸ்பத்திரியையும் ரோட்டையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். எங்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் தந்த வீடு அது. அடிக்கடி அங்கிருந்து ஒரு மிஸ் வந்து, மாத்திரை போட்டீர்களா, சண்டை போட்டீர்களா என்று இரண்டையும் ஒரே மூச்சில் விசாரித்துவிட்டுப் போவார்.

நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவள். அதற்கு முன்னால் எனக்கும் ஒரு வேலை இருந்தது. விடியற்காலையில் எழும்ப முடியவில்லை என்று இராத்திரி மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். வேலையும் போய், இருந்த இடமும் போய், புத்தியும் போயிற்று. அக்கா வட்டகொடை ரயில் ஸ்டேஷனில் கிடந்தவள். அவள் காதில் குரல்கள் கேட்கும். அவற்றை அவள் சிங்களத்தில்தான் திட்டுவாள். தமிழில் திட்டினால் திருப்பிப் பேசுமாம்.

மிஸ் எங்களுக்காக வேலை கேட்ட கொட்டகை முதலாளிக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் ஆள். வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸின் வேரை நறுக்கி, வெளித் தோலை உரித்து, கழுவிக் கட்ட வேண்டும். விடிந்ததும் வந்து, பின்னேரம் லொறி போகும்வரை நிற்க வேண்டும். மாத்திரை போட்ட எனக்கு வெயில் ஏறாமல் கண் திறக்காது. அக்காவோ சேவலையே எழுப்பிவிடுகிறவள். ஆனால் மத்தியானம் லொறிகள் வந்து ஆட்கள் கத்தத் தொடங்கினால், எல்லோரும் தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்று நடுங்குவாள். இரண்டு பேரில் ஒருத்தியும் தேறமாட்டாள் என்று மிஸ்ஸே முகம் வாடி நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். பிந்திப் போனாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர்தான் விழும். அது வெட்கப்படுகிற விஷயம். எங்களுக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

"ரெண்டு அரைப் பேர் சேந்தா ஒரு பேருதானே, மொதலாளி?" என்று கேட்டேன். மனிதர் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு சரி என்றார்.

ஆனால் ஓர் ஆளுக்கான ரப்பர் பூட்ஸைத்தான் கொடுத்தார். மத்தியானம் கொட்டகை வாசலில் அக்கா கழற்ற, நான் மாட்டிக்கொள்வேன். அவள் கால் பெரிது. நான் முன்பக்கம் பேப்பர் திணிப்பேன். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். எங்கள் விஷயத்தில் ஆள்தான் பாதி, பூட்ஸ் முழுசு. எந்த மூட்டை அழுகல், எந்தக் கத்தி மொட்டை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போவாள். ராகலைக் குளிரில், சூடு ஆறாத அந்தப் பூட்ஸுக்குள் காலை விடுவது எனக்குப் பெரிய சுகம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, முதலாளி ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் கிளினிக்கில் என் மாத்திரையைக் குறைத்திருந்தார்கள். நானும் கொஞ்சம் நேரத்தோடு எழும்பத் தொடங்கியிருந்தேன். என் கை வேகம் அவருக்குப் பிடித்துவிட்டதாம். இனி முழு நாளும் நீயே வா, ஒரு வேலைக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு சமாளிப்பது தொந்தரவு என்றார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. சந்தோஷமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். முழுப் பேர் என்றால் சும்மாவா? ஆனால் அக்கா என்ன ஆவாள்? வேலைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் அவள் ஒழுங்காகத் தலை சீவுகிறாள், என் குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்கிறாள். திரும்பவும் அவளை ஒரு மூலையில் உட்கார வைப்பதா?

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளு, மொதலாளி. பாதிய மட்டும் வச்சுக்க முடியாது" என்றேன். குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரித்தார். மழை மாதத்தில் லீக்ஸ் வரத்துக் குறைந்தபோது, காலை வேலைக்கு மட்டும் ஆள் போதும், நீ ஒருத்தியே வா என்று அக்காவிடம் கேட்டாராம். அவளை நிறுத்துவதென்றால் என்னையும் நிறுத்துங்கள் என்று அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாளாம். இரண்டு பேரும் இப்படி மல்லுக்கு நின்றால் நான் என்ன செய்வது தங்கச்சி, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

அக்கா இதைப் பற்றி என்னிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. சண்டை பிடிக்கிற வேகத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா, வேல போயிரும்னு பயந்து, வெள்ளன எழும்பணும்னு நீ மாத்திரைய நிப்பாட்டியிருப்ப" என்றாள், தலை நிமிராமலே.

நிறுத்தியிருப்பேன்தான். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி இவ்வளவு தூரம் யோசிக்க ஒரு ஆள் இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.