சூடோ, கோலின், எஸ்தர், ஏஸ்

நாற்பத்தாறு வயதில் ரூத் ஓர் ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் பண்ண வேண்டியதாயிற்று. அவள் ரத்தத்தில் குறைவாக இருக்கும் ஒரு பொருளின் பெயர் அது. முதலில் ‘பி’ போட்டு எழுதுவார்கள், ஆனால் அந்தப் ‘பி’யை யாரும் வாயால் சொல்வதில்லை. அப்படி ஒரு திமிர் பிடித்த சொல்.

அண்ணன் அமலனால் தெரியவந்த சங்கதி. குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்கத்தோடு, தசைகளை அசையாமல் முடக்கப் போட்ட ஓர் ஊசி, மற்றவர்கள் உடம்பைப் பத்து நிமிஷத்தில் விட்டுவிடுமாம். அவனை ஆறு மணி நேரம் விடவில்லை. மெஷின்தான் மூச்சு விட்டது.

“எல்லாம் காதுல கேட்டுச்சு ரூத். கண்ணத் தொறக்கத்தான் முடியல” என்றான் பிறகு. அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அதே குறை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை எழுதி ஒரு கார்டு கொடுத்தார்கள். அது போதாதென்று அண்ணனும் தங்கையும் சொல்லை நாலாக வெட்டிக்கொண்டார்கள்: சூடோ, கோலின், எஸ்தர், ஏஸ். நடுவில் உள்ள இருவரும் சிடாம் கிரி ஊர்த் தேவாலயச் சபையில் பாட்டுப் பாடும் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்ததால் மறக்கவில்லை.

போன புதன்கிழமை, கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். உள்ளே கைப்பை கொண்டுபோக விடமாட்டார்கள். கார்டு லாக்கரில், அவள் ஆம்புலன்ஸில். குடல்வால் வெடிக்கப்போகிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள்.

கத்திக்கு அவள் பயப்படவில்லை. அந்த ஊசிக்குத்தான் பயந்தாள். நர்ஸ் நளினி தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும் போன உயிர் கொஞ்சம் திரும்பியது.

“சூடோ...” என்றாள். மீதியை வலி விழுங்கிவிட்டது.

“சூடா இருக்கா அக்கா? உள்ள ஏர்கோன் இருக்கு லா” என்று போர்வையை விலக்கிவிட்டு, நளினி கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே மலாய்க்கார டாக்டர், அலர்ஜி ஏதும் உண்டா என்று மலாயில் கேட்டார். இது அலர்ஜி இல்லையே. இல்லை என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த அண்ணன் நினைவுக்கு வந்தான். டாக்டர் கையில் ஊசி தயாராக இருந்தது.

அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். எஸ்தர் முதலில் வந்தாள், கோலின் பின்னால் வந்தான், சூடோவைக் காணவில்லை. டாக்டர் குனிந்து, மெதுவாக, மறுபடி சொல்லுங்கள் என்றார்.

“சூடோ. கோலின். எஸ்தர். ஏஸ்.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறு மருந்து கேட்டார். புரிந்துவிட்டது அக்கா, பயப்படாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ரூத் அவர் கையை விடவில்லை. மயக்கம் வாயை மூடும்வரை அந்த நாலு துண்டையும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.