ஆணித்துளைகள்

நாவலுக்கு முதல் வரி அமையாமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைச் சத்தத்தில் எழுத வராது என்று லீவு போட்டுவிட்டு, மூணாறுக்கு மேலே அம்மா வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்திருந்தேன். எழுதிய வரிகளெல்லாம் ‘எங்கள் வீடு’ என்றே தொடங்கின. எங்கள் வீட்டுக்குள் மேகம் வரும், எங்கள் வீட்டுக் கூரையில் மழை பேசும். படித்தால் எனக்கே சகிக்கவில்லை. சுற்றுலா விளம்பரம் போல இருந்தது.

உண்மையில் அந்த வீடு கம்பெனியுடையது. லயத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. குடும்பத்தில் கொழுந்தெடுக்க ஓர் ஆள் இருக்கும்வரைதான் வீடும் இருக்கும். அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு ஓய்வு. அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. நான் வேலைக்குப் பெயர் கொடுத்தால் அம்மா அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதற்காகவே படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போன பிள்ளைகள் எங்கள் லயத்தில் எத்தனையோ பேர்.

அம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம், பெயர் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பாதி மனதோடுதான் கேட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“நீ கொழுந்துக்குப் போவக் கூடாதுன்னுதாம்ட்டி நான் இத்தன வருசம் போனேன். வீடு போனாப் போவுது” என்றாள்.

கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாதா படத்தை இறக்கினாள். பிறகு அப்பா படத்தை. ஆணிகளைப் பிடுங்கினாள். சோப்பை ஈரமாக்கிப் பிசைந்து, ஒவ்வொரு துளையிலும் விரலால் வைத்து அழுத்தினாள். யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. வாங்கினபடியே கொடுக்க வேண்டுமாம். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அவள் கல்யாணமாகி வந்ததும், நான் தவழ்ந்ததும், அப்பாவைக் கிடத்தியதும் அந்த அறையில்தான்.

அப்பா படம் இருந்த துளை பெரியது. சோப்பு போதவில்லை. கையை நீட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் பிசைந்து கொடுத்தேன்.

இப்போது கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாதா படத்தை அம்மா இன்னும் சுவரில் மாட்டவில்லை. அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். நாவல் இப்படித் தொடங்குகிறது: ‘அவள் தன் வீட்டுச் சுவரின் ஆணித்துளைகளைச் சோப்பு வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.’

எத்தனை முறை திருத்தியும், ‘தன் வீட்டு’ என்பதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.