குறைப் பக்கத்தில் எழுதியது

முரியலுக்கு அப்போது பத்தொன்பது வயது. பயிற்சி ஆசிரியையாக ராசா என்ற ஊரிலிருந்து வந்து, அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளேயிருந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறு வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாத்தியார் நாராயணசாமி நடத்தும் பாடங்களைப் பார்த்து, குறிப்பேட்டில் நிறையை ஒரு பக்கமும் குறையை ஒரு பக்கமும் எழுதவேண்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சி அறிவித்த அவசரகாலம், ஐம்பத்திரண்டாம் வருடம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளவு. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஒரு பிடி சோறு போனதாகச் சந்தேகம் வந்தாலே ஜெயில். எழுதிய தாள் எதுவும் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி சிவானந்தம் படித்துக் கையெழுத்துப் போடாமல் கேட்டைத் தாண்டாது. அவள் குறிப்பேடும் அப்படித்தான்.

வாத்தியாரை அவளுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்பார், பதில் வரும்போது பாதியில் விட்டுவிடுவார்.

மூன்றாம் வாரம் கணக்குப் பாடம்.

"வீட்டுல நாலு பேரு. ஆளுக்கு ஒரு தட்டுன்னா எத்தனை தட்டு, லெட்சுமி?"

"அஞ்சு சார்."

"இவளுக்கு ரெண்டு வயிறு சார்!" என்று ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

"இல்ல சார், அண்ணனுக்கு ஒண்ணு. அம்மா வேலியோரமா வச்சிட்டு வரும்."

"கணக்கக் கேட்டா கதை சொல்றா பாரு. உக்காரு. தேங்காய்க் கணக்குக்கு வருவோம்."

முரியல் குறைப் பக்கத்தில் எழுதினாள்: 'அண்ணனுக்கு வேலியோரம் ஒரு தட்டுச் சோறு வைப்பதாக மாணவி லெட்சுமி சொன்னாள். ஆசிரியர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.' எழுதி முடித்தபோது திருப்தியாக இருந்தது. வெள்ளிக்கிழமை கிராணி அதை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்களன்று லெட்சுமி வரவில்லை. அவள் அப்பா சன்னாசியைப் போலீஸ் லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

"அவ அண்ணன ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனான். அங்கயே செத்துட்டான்," என்றார் வாத்தியார். "தாய்க்காரி அமாவாசைக்கு அமாவாசை படைக்கிறா. காக்கா தின்னுது. லயம் பூரா தெரியும்."

"எனக்குத் தெரியாதே சார்."

"கேக்க வேண்டியதுதானே லா. பத்தடி தூரத்துலதான நின்னேன்?"

அவள் ஆபீசுக்கு ஓடினாள். கிராணி தலை நிமிரவில்லை.

"பிள்ளை அப்பிடிச் சொன்னதோ இல்லையோ?"

"சொன்னா. ஆனா அது செத்துப்போன அண்ணன், ஐயா."

"அதை நீர் எழுதேல்லையே. நகல் எடுத்துப் போலீசுக்கு அனுப்பியாச்சு; போன தாளை இனி நான் என்ன செய்ய ஏலும்?"

பார்த்ததில் பொய் இல்லை; காதால் கேட்டதில் பிழை இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. கேட்டதை அறிந்ததாக எண்ணிக்கொண்டதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

சாயங்காலம் லயத்துக்குப் போனாள். லெட்சுமியின் அம்மா காளியம்மா வாசலுக்கு வந்தாள். பின்னால் லெட்சுமி, கையில் சிவந்த தழும்பு.

"இவ தப்பாக் கணக்குச் சொன்னதாலதான் அவரப் புடிச்சிட்டாங்களாம் டீச்சர். வெளக்கமாத்தாலயே போட்டேன்."

"அவ மேல தப்பில்ல, அம்மா."

"பின்ன யாரு மேல?"

முரியல் லெட்சுமியைப் பார்த்தாள். சொல்ல ஒரு வாக்கியம் போதும். "தெரியல," என்றாள்.

சன்னாசி பதினான்கு மாதம் தடுப்பு முகாமில் இருந்தார். முரியல் பயிற்சியில் தேறினாள். பரிசோதகர் அந்தக் குறிப்பின் ஓரத்தில் 'கூர்ந்த கவனிப்பு' என்று எழுதியிருந்தார். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவள் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தினாள்.