ஒரு விரல் அதிகம்

என் அக்கா மகளை அவள் வேலை பார்க்கும் இடத்தில் ‘ஜன்னலம்மா’ என்று கூப்பிடுவார்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் பெரியப்பாவின் இரண்டாம் தாரத்து மூத்த மகள். அந்த அக்காவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வாயாடி, கடைக்குட்டி அழுமூஞ்சி, இவள் நடு. நடுவில் பிறந்தது கைவேலையில் கெட்டியாக இருக்கும் என்று எங்கள் வம்சத்தில் ஒரு பேச்சு உண்டு. மற்றவர்கள் விஷயத்தில் அது பொய்த்திருக்கிறது, இவள் விஷயத்தில் பலித்தது.

ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில் ஆராய்ச்சிக்கூடம். அங்கே கோழி முட்டைக்கு ஜன்னல் வைப்பதுதான் இவள் வேலை. பண்ணையிலிருந்து வரும் கரு உள்ள முட்டைகளைப் படுக்கை வாட்டமாக அடுக்கி, மேல்பக்கம் பென்சிலால் எண் போட்டு, சூட்டுப் பெட்டியில் மூன்று நாள் வைப்பாள். அப்புறம் ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுப்பாள். உள்ளே மஞ்சளும் கருவும் மேல் ஓட்டிலிருந்து விலகிக் கீழே இறங்கிவிடும். மேல் ஓட்டில் பசைத்தாள் ஒட்டி, சின்னக் கத்தரியால் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு வட்டம் வெட்டினால் ஜன்னல் தயார். அதன் வழியாகப் பார்த்தால் மிளகளவு கூட இல்லாத இதயம் சிவப்பாகத் துடிப்பது தெரியும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடி ஒட்டித் திரும்பப் பெட்டிக்குள் வைப்பாள். கரு அது பாட்டுக்கு வளரும். “முட்டைக்கெல்லாம் ஜன்னல் வெச்சு மூடத் தெரியுது, நம்ம வீட்டு ஜன்னலுக்கு ஒரு கொக்கி போடத் தெரியலை” என்று அவள் மாமியார் சொல்லாத நாள் கிடையாது.

எதற்கு இந்த ஜன்னல் என்றால், உடம்பில் உறுப்பு எப்படி உண்டாகிறது என்று பார்ப்பதற்கு. அந்தக் கூடத்துப் பேராசிரியர் ஓர் அம்மாள். அவர் இவளுக்குச் சொன்னதை இவள் எனக்குச் சொன்னாள். கருவில் இருக்கும் செல்லுக்குத் தான் விரலாகப் போகிறோமா முழங்கையாகப் போகிறோமா என்று முதலில் தெரியாதாம். அக்கம்பக்கத்துச் செல்கள்தான் சேதி அனுப்புமாம். இதயம் எந்தப் பக்கம் வளைய வேண்டும், கல்லீரல் எங்கே முளைக்க வேண்டும், எல்லாம் இப்படி வரும் சேதியைப் பொறுத்ததுதான். மீனுக்கும் கோழிக்கும் நமக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

“அதெப்படி, ஒரே சேதி வந்தா எல்லா விரலும் ஒரே மாதிரியில்ல இருக்கணும்?” என்று கேட்டேன்.

“மாமா, அத்தை மிளகாய் வறுக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. அடுப்புப் பக்கத்துல நிக்கிற ஆளுக்குத் தும்மி மாளாது. கூடத்துல இருக்கிறவருக்கு இருமல். வாசல்ல இருக்கிற உங்களுக்கு மூக்கு லேசா அரிக்கும். மிளகாய் ஒண்ணுதானே? கருவுல இறக்கை முளைக்கிற மொட்டுக்குப் பின்பக்க ஓரத்துல இதே மாதிரி ஒரு அடுப்பு எரியுது. கிட்ட இருக்கிறது பின்விரலாகுது, கொஞ்சம் தள்ளி நடுவிரல், ரொம்பத் தள்ளி இருக்கிறது முன்விரல்.”

கோழி இறக்கைக்குள் மூன்றே விரல்தான், உள்ளுக்குள் மறைந்திருக்கும். கடுகைவிடச் சின்ன மணி ஒன்றை மருந்தில் ஊறவைத்து, மொட்டின் முன்பக்க ஓரத்தில் செருகினால் அங்கேயும் ஓர் அடுப்பு பற்றிக்கொண்ட கணக்கு. மூன்று விரல் ஆறாகும், கண்ணாடியில் பார்ப்பது போல எதிரும் புதிருமாக. அந்த மருந்து வைட்டமினுக்கு ஒன்றுவிட்ட உறவு. வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்று மஞ்சள் விளக்கில்தான் எடுப்பார்கள். பிறக்கும்போதே விரல் கூடியோ குறைந்தோ வரும் குழந்தைகளுக்கு ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு இதில் வழி கிடைக்கலாம் என்று அந்த அம்மாள் பாடுபட்டார்.

மருந்து மணி வைத்ததோடு முடியாது. வெறும் மணியும் இன்னொரு தொகுதி முட்டைகளில் வைக்க வேண்டும். அதில் விரல் மூன்றாகவே இருந்தால்தான் மருந்தால்தான் மாறியது என்று சொல்ல முடியும். வெறும் மணியில் விரல் கூடிவிட்டால் மொத்த உழைப்பும் ஆற்றோடு போயிற்று.

போன வருடம் அதுதான் நடந்தது. அதுவும் எப்போது? பதினோரு வருடம் தற்காலிகமாக இருந்தவளை நிரந்தரமாக்கும் காகிதம், பேராசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று மேஜைமேல் கிடந்தபோது.

அந்த ஆய்வு, பேராசிரியரிடம் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவருடையது. பட்டம் வருவதற்கு முன்னாலேயே அவருக்குச் ‘சின்ன டாக்டர்’ என்று பெயர் வந்துவிட்டது. இருபத்து நான்கு முட்டையில் மருந்து மணி, இருபத்து நான்கில் வெறும் மணி. மணி வைத்ததெல்லாம் இவள் கை. பத்தாம் நாள் கருக்களை எடுத்து நீலச் சாயத்தில் போட்டார்கள். சதை கண்ணாடியாகி எலும்பு மட்டும் நீலக்கோடாகத் தெரியும். சின்ன டாக்டர் உருப்பெருக்கியில் கண் வைத்து எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“இது எத்தனையாவது?”

“இருபத்தாறு, சார்.”

“இருபத்தஞ்சுலேருந்து வெறும் மணிதானே?”

“ஆமா.”

“அப்ப நாலாவது விரல் எங்கேருந்து வந்துச்சு?”

இவள் எட்டிப் பார்த்தாள். முன்பக்கம் இன்னொரு முன்விரல், குட்டியாக, தெளிவாக. இருபத்தெட்டிலும் இருந்தது. மொத்தம் ஐந்தில்.

பேராசிரியர் வந்து பார்த்தார். சின்ன டாக்டர் சொன்னார்: “மணித் தட்டை மாத்தி எடுத்திருக்காங்க மேடம். வேற என்ன?”

“மாத்தினியாம்மா?”

“இல்லம்மா. மருந்துத் தட்டுக்குச் சிவப்பு மூடி. கண்ணைக் கட்டினாக்கூட மாத்த மாட்டேன்.”

“அப்ப கோழியே போட்டுக்கிச்சா, ஒரு விரல் கூட இருக்கட்டும்னு?” என்றார் சின்ன டாக்டர்.

பேராசிரியர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம். “நாளைக்குப் பத்து மணிக்கு வா. என்ன நடந்ததுன்னு யோசிச்சுட்டு வா. பதில் இல்லைன்னா அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட முடியாது. மணி வைக்க வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவர். என் மனைவிக்கு அவர் சித்தி வழியில் தம்பி முறை, அதனால் என்னிடம் உரிமையாகப் பேசுவார். சேதி கேட்டதும் வந்த கோபத்தில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “பதினோரு வருஷம் ஒழைச்சதுக்கு இதுவா மரியாதை?” என்றார். இவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். நாலு பேருக்குச் சமையல், பத்து வெங்காயம் ஆகிவிட்டது. போதும் என்று நானும் சொல்லவில்லை.

திடீரென்று கேட்டாள்: “மாமா, தட்டு மாறியிருந்தா ஆறு விரல் வந்திருக்கணும். ஏன் ஒண்ணே ஒண்ணு கூடியிருக்கு?”

எனக்கு என்ன தெரியும்? அவளே சொன்னாள்: “அதுவும் முன்விரல். ரொம்பத் தள்ளி நிக்கிறவன் மூக்கரிப்பு. மருந்து போயிருக்கு, ஆனா துளியூண்டுதான் போயிருக்கு.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மணியை முட்டையில் வைக்கும் முன் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒருமுறை அலசி எடுப்பது வழக்கம். இவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ‘வெறும் மணியை முதல்ல முடி, மருந்து மணி அப்புறம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் சின்ன டாக்டர், மருந்து வீணாகிவிடும், அதை முதலில் முடியுங்கள் என்று அவசரப்படுத்தினார். இவளும் முடித்தாள். அதே கிண்ணத்தில் வெறும் மணிகளையும் அலசினாள்.

“மருந்து தண்ணியில எறங்கியிருக்கு. மணிக்கு உறிஞ்சுறதுதானே வேலை, உறிஞ்சியிருக்கு. முப்பத்தொண்ணாவது முட்டையில ரத்தம் கசிஞ்சு தண்ணி கலங்கிருச்சு, கொட்டிட்டு வேற ஊத்தினேன். அதுக்கப்புறம் ஒரு முட்டையிலயும் விரல் கூடலை. கூடின அஞ்சும் முதல் ஏழுக்குள்ளதான் இருக்கு.”

“அப்புறமென்ன!” என்று புருஷன் துள்ளினார். “அந்த ஆளு சொல்லித்தான் வரிசையை மாத்தினேன்னு போட்டு உடை. முடிஞ்சுது.”

இவள் முகம் தெளியவில்லை. “முடியலைங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நானே அப்படிச் செஞ்சிருக்கேன். உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு ஒரு தடவை, லேட்டாப் போனேன், மருந்து மணி ஊறி முடிஞ்சிருந்துச்சு. அதுக்கு அடுத்த மாசம் ஒரு தடவை. அதெல்லாம் பேராசிரியரம்மா எழுதி அச்சுலயே வந்துருச்சு.”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“இந்தா பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? கையெழுத்து விழற நேரத்துல உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காதே. மாமா, நீங்களாவது சொல்லுங்க!”

நானும் அவர் பக்கம்தான் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லவில்லை, வாயை மூடிக்கொள் என்றேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பத்து மணி. பேராசிரியர், சின்ன டாக்டர், இவள். கிண்ணத்தின் கதையை இவள் சொல்லி முடித்ததும், பேராசிரியர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். தலை மெல்ல ஆடியது. சின்ன டாக்டருக்குக் காது சிவந்தது.

“நான் அவசரத்துல சொன்னேன். தண்ணியை மாத்தியிருக்கலாமே நீங்க” என்றார்.

“மாத்தியிருக்கணும் சார். மாத்தலை.”

பேராசிரியர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு, சும்மா கேட்பது போலக் கேட்டார்: “வேற எப்பவாவது இந்த மாதிரி மருந்தை முதல்ல செஞ்சதுண்டா?”

‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். பேனா முனையைத்தான் பார்த்தேன் என்று பிறகு சொன்னாள்.

“ரெண்டு நாள் உண்டும்மா.”

மூடி திரும்பப் பேனாவில் ஏறியது.

அலமாரியிலிருந்து அந்த இரண்டு நாளின் கருக்களைப் போட்டு வைத்த புட்டிகளை இவளே எடுத்து வந்தாள். வெறும் மணி வைத்தவை பதினெட்டு. ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள், பேராசிரியர் எண்ணினார். மூன்று. மூன்று. மூன்று. பத்து தாண்டியும் அதேதான். பதினாலாவது புட்டியில் பேராசிரியர் கண்ணை எடுக்கவில்லை.

“நாலு” என்றார். “எனக்கு இது ஞாபகம் இருக்கு. தானா வந்த கோளாறுன்னு ஒரு வரி எழுதி ஒதுக்கிட்டேன்.”

மீதி நான்கிலும் மூன்றுதான்.

“ஒண்ணே ஒண்ணுதானே மேடம்,” என்றார் சின்ன டாக்டர், “முடிவு மாறப் போறதில்லை. யாருக்குத் தெரியும்?”

“இந்த ரூம்ல மூணு பேருக்குத் தெரியும்ப்பா. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பணும்.” பிறகு இவளைப் பார்த்தார். “தட்டை நீ மாத்தலை. ஆனா கிண்ணம் உன் பொறுப்பு. எதை முதல்ல, எதை அப்புறம்னு ஒரு முறை இருக்கு, அதுக்கு என்ன காரணம்னு நான் யாருக்கும் சொல்லலை, அது என் பொறுப்பு. நாப்பத்தெட்டு முட்டையும் திரும்ப வை. நீயே வை. மருந்துக்கு ஒரு கிண்ணம், வெறும் மணிக்கு ஒரு கிண்ணம்.”

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி போடவில்லை. “வெறும் மணியில ஒரு விரல் கூடினாலும் இதைக் கிழிச்சிடுவேன்” என்று மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

முட்டைகளைத் திரும்ப வைத்த அந்தப் பத்து நாளில் இவள் உடம்பு பாதியாகிவிட்டது. கிண்ணம் சரி, ஆனால் காரணம் கிண்ணம்தான் என்று யார் கண்டது? பண்ணைக் கோழியிலேயே குறை இருந்தால்? இடுக்கியில் ஒட்டியிருந்தால்? இடுக்கியை மூன்று முறை கொதிக்க வைத்தாள். சின்ன டாக்டர் எதிரே நின்று ஒவ்வொரு மணியையும் கண்ணால் தொடர்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் பட்டம் அதில்தானே இருந்தது. புருஷன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “அரிச்சந்திரன் வீட்டு ரசம் நல்லாத்தான் இருக்கு” என்று குத்தினார். குத்திவிட்டு, இரண்டாம் சோறு அவளுக்கு அவரே போட்டார்.

எண்ணும் நாள் வந்தது. முதலில் மருந்து மணி. ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. மருந்து சாகவில்லை. பிறகு வெறும் மணி. இந்த முறை சின்ன டாக்டர் எண்ணினார், பேராசிரியர் பின்னால் நின்றார். இவளுக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஜன்னல் வெட்டும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்களைக் காதால் கேட்டாள். மூன்று, மூன்று என்றே வந்தது. பத்தொன்பதாவதில் சின்ன டாக்டர் நிறுத்தினார். விளக்கைக் கூட்டினார். கண்ணாடித் தட்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“என்னப்பா?” என்றார் பேராசிரியர்.

“மடங்கியிருக்கு மேடம்… நிமித்திப் பார்க்கறேன்… மூணு.”

இருபத்து நான்கும் முடிந்தது. பேராசிரியர் தன் அறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. காகிதத்தோடு திரும்பி வந்து, அந்த மேஜையிலேயே, முட்டை ஓடுகளை ஒதுக்கிவிட்டு, தேதியைப் போட்டார்.

சின்ன டாக்டர் அப்போதுதான் இவளிடம் வாயைத் திறந்தார். “உக்காருங்கம்மா. கால் நடுங்குது பாருங்க.”

“உங்களுக்கும்தான் சார்” என்றாள் இவள், உட்கார்ந்துகொண்டே.