பேய் மாதத்தில் காலியாகக் கிடந்த கட்டில்

கோ சென்-லுங்குக்கு மூடநம்பிக்கை கிடையாது. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வார். சாங்ஹுவா நகரத்தில் அவர் பராமரிக்கிற லிஃப்ட் ஒவ்வொன்றின் மோட்டார் அறையிலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும், இயந்திரம் அடம்பிடிக்காமல் ஓடுவதற்காக. மஞ்சள் பொட்டலம் ஆகாது. தேதி முடிந்த பொட்டலம் ஆகவே ஆகாது. ஏன் என்று கேட்டால், "இது நம்பிக்கை இல்லீங்க, பராமரிப்பு" என்பார்.

தொழிலில் கறார். கதவு மூடும்போது வழக்கமில்லாத சத்தம் லேசாகக் கேட்டால் போதும், மின்சாரத்தை நிறுத்தி 'ஓடாது' என்ற பலகையை மாட்டிவிடுவார். பன்னிரண்டாம் மாடியில் பெண் பார்க்க வந்தவர்கள் மாட்டிக்கொண்டிருந்தாலும் பலகை இறங்காது. இப்படிப்பட்டவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத பழைய கட்டிடத்தின் நான்காம் மாடியில். அதைச் சொல்லித் தெருவே சிரிக்கும். அவர் மகள் யூ-சிங்குக்கு மட்டும் சிரிக்க மூச்சு இருக்காது. ஆறு வயதுக் குழந்தை, இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை. ஒரு மாடி ஏறியதும் படியில் உட்கார்ந்து, "நீங்க முன்னாடி போங்க, நான் என் முயல்கிட்ட கொஞ்சம் பேசிட்டு வர்றேன்" என்பாள். கையில் பொம்மை முயல் இருக்கும். கோ இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஏறுவார்.

ஓட்டையை அடைக்க அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, தொடையிலிருந்து மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் குளிர்காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரி கொடுத்த தேதியை கோ மருத்துவக் கடவுளின் கோயிலுக்கு எடுத்துப் போனார். வெறும் சோதனைக்கெல்லாமா சாமியைத் தொந்தரவு செய்வது என்று மனைவி ஷூ-மெய் கேட்டதற்கு, உடம்புக்குள் ஒன்று நுழைகிறது என்றால் அது அறுவைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். கோயிலில் இரண்டு பிறைவடிவக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று முறை சம்மதம் வந்தது. அந்தத் தேதி, பேய் மாதம் பிறப்பதற்குச் சரியாக முந்தின நாள். பேய்கள் வெளியே திரிகிற அந்த மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், உடம்பில் கத்தி வைக்க விடமாட்டார்கள். கோவும் விடமாட்டார், நம்பிக்கை இல்லாவிட்டாலும்.

சோதனை நெருங்கியபோது யூ-சிங் இருமினாள்.

சளி, இருமல் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். ஷூ-மெய் போனை எடுத்தாள். கோ அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். கற்கண்டு போட்டு வேகவைத்த பேரிக்காயைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பேரிக்காயைத் தின்றுவிட்டு இருமினாள். தூசு என்றார் கோ. பிறகு ஏசி காற்று என்றார். ஏசி மூன்று நாளாக ஓடவில்லை என்றாள் ஷூ-மெய்.

மறுபடி கோயில். இருமலோடு கூட்டிப் போகலாமா என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டார். மறுப்பு. இன்னொரு தடவை போட்டார். சாமி சிரித்தார். கோ வயரை மாற்றிப் பொருத்துகிறவர் மாதிரி கேள்வியையே மாற்றினார்: இது சளியில்லை, தொண்டை வறட்சிதானே? சம்மதம், சம்மதம், சம்மதம்.

கட்டைகளுக்குப் பொறுப்பான லியாவ் அத்தை பழத்தட்டைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர், தொண்டையைப் பத்திக் கேட்டீங்க, சொல்லிட்டார். மயக்க மருந்தைப் பத்திக் கேக்கவே இல்லையே?"

"அதைக் கேட்டு, வேற ஏதாவது சொல்லிட்டார்னா?" என்றார் கோ.

வீட்டுக்கு வந்து சாமியின் தீர்ப்பைச் சொன்னார். ஷூ-மெய் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். உள்ளே குழந்தை தூக்கத்தில் இருமியது.

"அ-லுங், இந்தச் சத்தம் உன் லிஃப்டுல வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"லிஃப்ட் வேற."

"வேறதான். அதுக்குப் பொட்டலமாவது வச்சிருக்க."

கோ உள்ளே போனார். மோட்டாருக்குக் காது கொடுப்பதுபோலக் குழந்தையின் முதுகில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு வெளியே வந்து மேஜைமேல் இருந்த போனை எடுத்தார்.

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை, முன்னாலேயே சொன்னதற்கு நன்றி சொன்னாள். ஆனால் பேய் மாதத்தைத் தாண்டினால் எல்லா நாளும் நிரம்பிவிட்டதாம். ஊரே அந்த மாதத்தைத் தள்ளிவைத்து அடுத்த மாதத்தில் போய் விழுந்திருந்தது. இடம் கிடைக்கக் குளிர்காலம் வந்துவிடும்.

"பேய் மாசத்துக்குள்ளேயேன்னா எந்த நாள் வேணும்னாலும் எடுத்துக்கங்க மாஸ்டர், காலியாக் கிடக்கு. இருமல் நின்னு ரெண்டு மூணு வாரம் ஆகட்டும். ஜன்னலோரக் கட்டில் வேணுமா?"

கோ ஷூ-மெய்யைப் பார்த்தார். அவள் கீரையைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது வெறும் சோதனைதானே? அறுவைன்னு சொல்ல முடியாதில்ல?"

"சோதனைதாங்க."

"அப்பப் பரவாயில்லை."

இருமல் அடங்கி, பேய் மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது குழந்தையைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அலைகிற பேய்களுக்காக மேஜை போட்டுப் பழமும் பிஸ்கட்டும் படைத்திருந்தார்கள். சோதனை அறை வரைக்கும் கோ போனார், சட்டைக்குள் ஒரு பச்சைப் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு. இயந்திரத்தின்மேல் ஏற்கெனவே ஒன்று இருந்தது. எட்டித் தேதியைப் பார்த்துத் திருப்தியானார். முயலை இறுக்கிப் பிடித்தபடி யூ-சிங் தூங்கிப்போனாள். கதவு மூடியது.

ஆளில்லாத வராந்தாவில் ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு லியாவ் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"கண்புரை," என்றாள். "இந்த மாசம்தான் கூட்டமே இருக்காது, மாஸ்டர். வருஷாவருஷம் எதுவானாலும் இப்பத்தான் பாத்துக்குவேன்."

"சாமிகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. சிரிச்சார்."

டாக்டர் வெளியே வந்தார். குழந்தை நன்றாக இருக்கிறாள், ஓட்டையின் ஓரங்கள் உறுதியாக இருக்கின்றன, தாராளமாக அடைத்துவிடலாம் என்றார். கோ சுவரில் சாய்ந்துகொண்டார். அறுவையை நாளை மறுநாளே வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு கூட்டம் வந்துவிடும் என்று டாக்டர் தொடர்ந்தார். இது சோதனை இல்லை. அறுவை என்ற சொல்லுக்கு வேறு பெயர் எதுவும் கோவுக்குக் கிடைக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஷூ-மெய் முந்திக்கொண்டாள்.

"அதே ஜன்னலோரக் கட்டில் கிடைக்குமா டாக்டர்?"

கிடைக்கும் என்றார்.

 சட்டைக்குள் இருந்தது சோதனைக்கானது; அறுவைக்கென்று கோ புதுப் பொட்டலம் வாங்கக் கீழே போனார், லிஃப்டில்தான். கதவு மூடும்போது வழக்கப்படி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தம் எதுவும் இல்லை.