அடுத்த தெருச் சாக்கடை

ஒரு சாக்கடையைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. போடியில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வடிகால் கட்ட நகராட்சி முன்வந்தது. மக்களும் ஒரு பங்கு பணம் போட வேண்டும், ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வாசல்படிகளை இடிக்க வேண்டும். எங்கள் தெருவில் பணம் சேர்ந்துவிட்டது. படியை இடிக்கத்தான் யாரும் சம்மதிக்கவில்லை. என் படி கிரானைட். அடுத்த தெருவில் முதலில் இடித்தது என் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டியவள். அதைக் கேட்டதும் எனக்குப் பிடிவாதம் கூடிவிட்டது. எங்கள் பணம் திரும்பி வந்தது. வடிகால் அவள் தெருவோடு நின்றது.

இந்த ஐப்பசியில் மலையில் கொட்டிய மழை, விற்க வைத்திருந்த ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. ஓரகத்தி போன் பண்ணினாள்.

"யக்கா, ஏலக்கா மூட்டைய வெரசா இங்க கொண்டாங்க. எங்க வாசல்ல சொட்டுத் தண்ணி நிக்கல."

அந்தச் 'சொட்டு'வை அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே!

வேறு வழியில்லாமல் மூட்டைகளோடு போனோம். அவள் வாசலில் வெள்ளம் சமர்த்தாக வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. உட்காரவைத்து டீ கொடுத்தாள். மணம் ஆளைத் தூக்கியது.

"உங்க மூட்டையில ரெண்டு காய் எடுத்துப் போட்டேங்க்கா."

அதே காயைத்தான் நானும் தினமும் தட்டிப் போடுகிறேன். என் வீட்டில் ஒரு நாளும் இப்படி மணந்ததில்லை.