ஆண்கள் மட்டும் வாழ்ந்த தீவு

விலங்கியல் பட்டம் பெற்ற கிண்ணியா ஜெஸ்மினுக்கு வீட்டாரால் அயலவருக்கு விளங்கப்படுத்த முடியாத ஒரு வேலை கிடைத்தது. உப்புவெளிக் கரைக்கு அப்பால், கடலுக்குள் கிடக்கும் ஒரு பாறைத்தீவில் கூடும் ஆலாப் பறவைகளில் எது ஆண், எது பெண் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஆலாக்களில் இரண்டுக்கும் ஒரே வெள்ளை உடல், ஒரே கறுத்த கொண்டை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தலை, அலகு, சிறகு எல்லாம் அளந்து, ஆய்வுத் தலைவர் ரஞ்சன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சமன்பாட்டில் போட வேண்டும். பெரியது ஆண், சிறியது பெண்.

கையெல்லாம் கொத்து வாங்கி ஒரு பருவம் முழுக்க அளந்தாள். விடை வந்தது. தீவில் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள்.

ரஞ்சன் பதறிப்போய், பெண் ஆலாக்கள் அழிகின்றன என்று வானொலியில் பேசினார். அவற்றைக் காப்பாற்ற அவசரக் கூட்டம் கூடியது. மேசையைச் சுற்றி இருந்தவர்களும் எல்லாருமே ஆண்கள். ஜெஸ்மினைத் தேநீருக்குச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள்.

சொல்லிவிட்டு வந்து கேட்டாள்: "சேர், எல்லாம் ஆணெண்டா முட்டையிட்டது ஆரு? தீவில கால் வைக்க ஏலாது, அவ்வளவு குஞ்சு."

"சமன்பாடு பிழைக்காது, ஜெஸ்மின். நீங்கள் அளந்ததிலதான் பிழை இருக்கும்," என்றார் ரஞ்சன்.

அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பப் போய் அளந்தாள், அளவு மாறவில்லை. இம்முறை பறவைக்கு ஓர் இறகு வீதம் மரபணுச் சோதனைக்காகக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். சரிபாதி பெண்கள் என்று பதில் வந்தது. சமன்பாடு எங்கோ தூரக் கரையிலுள்ள சின்ன ஆலாக்களை வைத்துச் செய்தது.

"எங்கட பொம்பிளையள் அவங்கட ஆம்பிளையள விடப் பெரிசு சேர்," என்றாள்.

உள்ளூர்ப் பறவைகளைக் கொண்டே புதுச் சமன்பாடு செய்தாள். அதிலும் நடுத்தர அளவுள்ள சில பறவைகள் பிடிகொடுக்கவில்லை. அவற்றுக்கு நேரே 'தெரியாது' என்று எழுதினாள்.

"ஏதாவது ஒண்டைப் போடுங்கோவன்," என்றார் ரஞ்சன்.

"ஏலாது சேர். தெரியாததைத் தெரியாதெண்டுதான் போடுவன்."

சில வாரங்களில் வானொலியில் மறுபடி அவர் குரல். குழு எடுத்த உடனடி நடவடிக்கையால் பெண் ஆலாக்கள் வியக்கத்தக்க வேகத்தில் பெருகிவிட்டனவாம். கிண்ணியா பஸ்ஸில் அதைக் கேட்ட ஜெஸ்மினுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அடக்க முடியாத சிரிப்பு.

பக்கத்திலிருந்த பெண், "என்ன தங்கச்சி, நல்ல செய்தியா?" என்று கேட்டாள்.

"ஓம், ராத்தா," என்றாள் ஜெஸ்மின்.